பார வண்டி மாடுகளுக்காகச் சட்டம் கேட்டுப் போனவர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி ஊரில் 2022 கோடையில் தொடங்கி 2023 கோடை வரை நடந்த விஷயம் இது. ஊர்ப்பெயர், ஆட்களின் பெயர், எந்தக் கட்சி என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள், அதே மார்க்கெட்டில்தான் காய் வாங்குகிறார்கள். நான் அந்தக் குழுவில் இல்லை. மனு எழுதித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அதனால் பெரும்பாலான சந்திப்புகளில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

குழு என்றால் பெரிய அமைப்பு எதுவும் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர், பார்ட் டைமாக உதவிய ஒரு வழக்கறிஞர். ஊரில் இரும்புக் கடைகளும் சிமெண்ட் கிடங்குகளும் உள்ள தெருவில் இன்னமும் டயர் போட்ட பார வண்டிகள் ஓடுகின்றன, லாரி நுழையாத சந்துகளுக்கு முறுக்குக் கம்பியும் மூட்டையும் அவற்றில்தான் போகும். ஏப்ரல் மாதம் ஒரு நண்பகலில் அந்தத் தெருவில் ஒரு மாடு வண்டியோடு படுத்துவிட்டது, எழுப்ப அடித்தார்கள். ஒரு மாணவர் அதை போனில் பிடித்துப் போட, ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. அங்கிருந்துதான் 'இதற்கு ஒரு சட்டம் வேண்டும்' என்ற பேச்சு கிளம்பியது.

பார்த்தது என்ன

முதலில் காவல் நிலையம் போனார்கள். புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது, அதற்கு மேல் நகரவில்லை. காரணத்தை வழக்கறிஞர்தான் விளக்கினார். இது மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960இன் கீழ் வருவது. அதன் 11ஆவது பிரிவு அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறி ஓட்டுவது, பாரம் ஏற்றுவது எல்லாவற்றையும் குற்றம் என்றுதான் சொல்கிறது. ஆனால் முதல் முறை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை, அவ்வளவுதான். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெரும்பாலான உட்பிரிவுகளில் நீதிமன்றம் சொல்லாமல் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது. குற்றம் நடந்து மூன்று மாதம் தாண்டினால் வழக்கே தொடுக்க முடியாது. ஐம்பது ரூபாய்க்காக யார் இவ்வளவு அலைவார்கள்?

இதோடு இன்னொன்றையும் அவர் எடுத்து வைத்தார், அதுதான் பிறகு எல்லாவற்றையும் மாற்றியது. இழுவை, பொதி விலங்குகளுக்கென்று 1965லேயே மத்திய அரசு விதிகள் போட்டிருக்கிறது. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது. முள் வைத்த தார்க்குச்சி கூடாது. சக்கரத்தின் வகையைப் பொறுத்து எடைக்கும் வரம்பு இருக்கிறது. கேட்கப் போன சட்டத்தில் பாதி ஐம்பத்தேழு வருஷமாகப் புத்தகத்தில் இருந்திருக்கிறது. விதியை மீறினால் அபராதம் அதிகபட்சம் நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அதைப் போட்டவரை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

குழு மே மாதம் முழுவதும் அந்தத் தெருவில் நின்று ஒரு நோட்டில் எழுதியது: நேரம், என்ன சரக்கு, மாட்டின் கழுத்தில் புண் இருக்கிறதா, லாடம் தேய்ந்திருக்கிறதா, வண்டி எந்தக் கடையிலிருந்து கிளம்பியது. படம் எடுத்தால் மாடும் வண்டியும் மட்டும், வண்டிக்காரர் முகம் வரக் கூடாது என்று ஆசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். முதல் வீடியோவில் முகம் தெரிந்த அந்த மனிதருக்கு அதன் பிறகு பல நாள் யாரும் லோடு தரவில்லை.

நோட்டில் தெரிந்தது இது. காலையில் கிடங்கு திறப்பதே பத்து மணிக்கு. சரக்கு இறங்கி, பில் போட்டு, ஏற்றி முடிக்கும்போது பதினொன்றரை. வண்டிக்காரருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி, எனவே ஒரே நடையில் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றுகிறார், அதுவும் சரியாக உச்சி வெயிலில். நண்பகல் ஓட்டமும் அதிக பாரமும் வண்டிக்காரர் தேர்ந்தெடுத்தவை இல்லை, கிடங்கு திறக்கும் நேரத்திலிருந்தும் கூலி முறையிலிருந்தும் வருபவை.

எம்.எல்.ஏ. அலுவலகம்: முதல் முறை

முதல் மனு ஆறு பக்கம். அதில் கேட்டவை: அபராதத்தை உயர்த்த வேண்டும், மாட்டு வண்டிச் சுமையைத் தடை செய்ய வேண்டும், விலங்குகளுக்குத் தனி போலீஸ் பிரிவு வேண்டும், பள்ளிப் பாடத்தில் விலங்கு நலம் சேர்க்க வேண்டும், இன்னும் சில. தொகுதி அலுவலகத்தில் பி.ஏ. வாங்கி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 'ஐயாகிட்ட சொல்றேன்' என்றார். அந்த மாதிரி மனுக்கள் எங்கே போகும் என்பது அலுவலகத்துக்குப் போய் வந்த எல்லோருக்கும் தெரியும்.

பி.ஏ.வைத் தாண்டி ஆளைச் சந்திக்க மருந்துக்கடைக்காரரின் அறிமுகம் உதவியது. எம்.எல்.ஏ. பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னவற்றில் இரண்டு முக்கியம். முதலாவது: 'அம்மா, அந்தத் தெருவில வண்டி ஓட்டறவங்க எல்லாம் என் வார்டு ஆளுங்க. அவங்க வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?' இரண்டாவது, சட்டத்தைத் திருத்துவது பற்றி. விலங்கு வதைத் தடுப்பு அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 17ஆவதாக வருகிறது, மாநிலமும் சட்டம் செய்யலாம்தான், ஆனால் மத்தியச் சட்டத்துக்கு மாறாகப் போனால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். 2017இல் ஜல்லிக்கட்டுக்காக இதே 1960ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் தமிழ்நாடு அப்படித் திருத்தியது. அதை அவரே நினைவுபடுத்திவிட்டு, 'அதுக்கு ஒரு மெரினா வேணும், நீங்க அஞ்சு பேர் வந்திருக்கீங்க' என்றார். கிண்டல்தான், ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கோபத்தோடு வெளியே வந்தார்கள். மாணவர்களில் ஒருவர் அந்தப் பேச்சை அப்படியே இணையத்தில் எழுதிவிடலாம் என்றார். ஆசிரியை வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது: எம்.எல்.ஏ. மறுக்கவில்லை, தனக்கு என்ன இடைஞ்சல் என்று சொல்லியிருக்கிறார், அந்த இடைஞ்சலை நாம் நீக்கிக் கொடுத்தால் அவருக்கு மறுக்கக் காரணம் இருக்காது.

கோரிக்கையை உடைத்தது

இங்கே எடுத்த முடிவுகள்தான் இந்த நிகழ்விலேயே கவனிக்க வேண்டியவை.

ஆறு பக்க மனுவைக் கிழித்துப் போட்டு, ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே 'இது யார் கையில் இருக்கிறது' என்று எழுதினார்கள். அபராதத் தொகை நாடாளுமன்றத்தின் கையில், எனவே எம்.பி.யிடம் போக வேண்டும். விதிகளை அமல்படுத்துவது மாவட்ட நிர்வாகம், போலீஸ், கால்நடைத் துறை. ஒவ்வொரு மாவட்டத்திலும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன, அதை உயிர்ப்பிப்பது ஆட்சியர் வழியாக, அதற்கு எம்.எல்.ஏ.வின் கடிதம் உதவும். மார்க்கெட் தெருவில் ஏற்றும் நேரம், தண்ணீர், நிழல் எல்லாம் நகராட்சி. பாடத்திட்டத்தை மொத்தமாக விட்டுவிட்டார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் இந்த மாட்டுக்கு அதனால் எதுவும் ஆகாது.

அடுத்தது, தடை என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். இதில் குழுவுக்குள் நல்ல சண்டை நடந்தது, ஒரு மாணவர் விலகியே போனார். அவர் வாதம் லேசானதில்லை. மாட்டை வண்டியில் பூட்டுவதே தப்பு என்று நினைக்கும் ஒருவர், 'வெயில் நேரத்தில் மட்டும் பூட்டாதே' என்ற மனுவில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்? அவருக்கு யாரிடமும் பதில் இல்லை. மற்றவர்கள் இந்தக் கோடையில் நடக்கக்கூடியதைக் கேட்போம் என்று முடிவு செய்தார்கள்.

மாட்டிறைச்சி, அடிமாட்டு லாரி பற்றியும் பேசலாம் என்று வெளியிலிருந்து சிலர் வந்து சேர்ந்தபோது குழு அதைத் தெளிவாக மறுத்தது. அந்தப் பேச்சு வந்துவிட்டால் மாடு பின்னால் போய்விடும், கட்சியும் மதமும் முன்னால் வந்து நிற்கும், அப்புறம் எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் தொட மாட்டார். ஒரு மனு, ஒரு தெரு, ஒரு வேலை என்று வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் வண்டிக்காரர்களிடம் போனார்கள். வீடியோ விவகாரத்தால் முதலில் யாரும் முகம் கொடுக்கவில்லை. டீக்கடையில் தொடங்கி, மருந்துக்கடைக்காரர் கழுத்துப் புண்ணுக்கு மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேச்சு வந்தது. மூத்த வண்டிக்காரர் ஒருவர் சொன்னார்: 'எனக்கு மட்டும் வெயில் சுடாதா தம்பி? கிடங்கை ஏழு மணிக்குத் தொறக்கச் சொல்லு, நான் பத்துக்குள்ள ரெண்டு நடை அடிச்சிட்டு மாட்டை அவுத்து விட்டுருவேன்.' குழு எழுதியிருந்த எந்தக் கோரிக்கையையும்விட அது துல்லியம்.

எம்.எல்.ஏ.வை இரண்டாவது முறை பார்க்கப் போனபோது அவர்களில் சிலரும் கூட வந்தார்கள். மனு ஒரே பக்கம். மேலே கோரிக்கை, கீழே காரணம், கடைசியில் அவர் கையெழுத்திட வேண்டிய கடிதத்தின் வரைவு. அந்த வரைவுதான் வேலை செய்தது என்பது என் கருத்து. பி.ஏ. அதைத் தட்டச்சு செய்து லெட்டர்ஹெட்டில் போட வேண்டியதுதான் பாக்கி. ஆட்சியருக்கும் நகராட்சித் தலைவருக்கும் கடிதம் போனது.

நகராட்சியில்

இங்கே காலமும் கைகொடுத்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில், பல வருஷம் தனி அதிகாரி ஆட்சியில் இருந்த பிறகு கவுன்சிலர்கள் புதிதாக வந்திருந்தார்கள். வார்டில் ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற ஆர்வம் அவர்களுக்கு இருந்தது. மார்க்கெட் வார்டு கவுன்சிலர் விஷயத்தை மன்றக் கூட்டத்தில் வைக்க ஒப்புக்கொண்டார்.

வரைவு எழுதும்போது ஒரு சிக்கல். 1965 விதி 37 டிகிரி என்கிறது. தெருவில் அதை யார் அளப்பது? வானிலை நிலையம் ஊருக்கு வெளியே, அதன் கணக்கு மறுநாள்தான் வரும். போலீஸ்காரர் வெப்பமானியோடு நிற்கப் போவதில்லை, நின்றாலும் எந்தக் கருவி, நிழலிலா வெயிலிலா என்று வழக்கில் கேட்பார்கள். எனவே தீர்மானத்தில் டிகிரியை விட்டுவிட்டு மாதத்தையும் கடிகாரத்தையும் பிடித்தார்கள்: ஏப்ரல் முதல் ஜூன் வரை, நகராட்சி மார்க்கெட் எல்லைக்குள் 12 முதல் 3 மணி வரை மாட்டு வண்டியில் ஏற்றுவதும் இறக்குவதும் இல்லை, கிடங்குகள் காலை ஏழு மணிக்கே ஏற்றத் திறக்கலாம், மார்க்கெட் மூலையில் குப்பை மூடிக் கிடந்த பழைய கல் தொட்டியைச் சுத்தம் செய்து தண்ணீர் விட வேண்டும். மணியைப் பார்க்க யாருக்கும் தெரியும். சட்டம் கேட்பவர்கள், அந்த வரியை நாளைக்குத் தெருவில் நின்று அமல்படுத்தப் போகிற கடைசி ஊழியரின் கண்ணால் ஒரு தடவை படித்துப் பார்ப்பது நல்லது.

வியாபாரிகள் தரப்பு எதிர்த்தது. காலை ஏழு மணிக்குக் கிடங்கு திறக்க ஆள் வேண்டும், கூலி வேண்டும் என்றார்கள், அதிலும் நியாயம் இருந்தது. 'திறக்க வேண்டும்' என்பது 'திறக்கலாம்' ஆனது அப்படித்தான். அந்த ஒரு சொல் மாற்றத்தோடு தீர்மானம் நிறைவேறியது.

எம்.பி.யும் மத்திய வரைவும்

அபராதத் தொகைக்கு எம்.பி.யிடம் போனார்கள். இங்கேயும் முதலில் பெரிதாகத்தான் கேட்டார்கள், தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டு வரும் மசோதா) கொண்டு வாருங்கள் என்று. அவர் நேராகவே சொன்னார்: கொடுக்கலாம், வெள்ளிக்கிழமை மதியம் அறிமுகம் ஆகும், படம் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் 1970க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை. வழக்கறிஞர் விடவில்லை. இந்தச் சட்டமே அப்படித்தானே பிறந்தது என்றார். மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டு வந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை, அரசே பார்த்துக்கொள்ளும் என்று நேரு உறுதி சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார், பிறகு குழு அமைந்து 1960இல் அரசின் சட்டமாக வந்தது. அதாவது நிறைவேறாத மசோதாவும் அரசை அசைக்கும். எம்.பி. மறுக்கவில்லை, ஆனால் முதலில் ஒரு கேள்வி போடுவோம், அமைச்சகம் எழுத்தில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றார். கேள்விக்குச் செலவு இல்லை, பதில் அவைப் பதிவில் நிற்கும், அடுத்த மனுவில் அதையே மேற்கோள் காட்டலாம். அதற்குக் குழு ஒப்புக்கொண்டது.

இதற்கிடையே 2022 நவம்பரில் மத்திய கால்நடைத் துறை இந்தச் சட்டத்துக்கான திருத்த வரைவை வெளியிட்டு டிசம்பர் 7 வரை பொதுமக்கள் கருத்துக் கேட்டது. விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்கள் (பசி, வலி, பயம் போன்றவற்றிலிருந்து விடுதலை), மிகக் கொடூரமான வதை என்று தனி வகை, கொன்றால் ஐந்து ஆண்டு வரை சிறை என்றெல்லாம் அதில் இருந்தது. தண்டனையை நாடாளுமன்றம் கடுமையாக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை உச்ச நீதிமன்றம் 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்பிலேயே சொல்லியிருந்தது. கருத்துச் சொல்லக் கிடைத்தது இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்கியதும் அதே டிசம்பர் 7தான், கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் முதல் வாரத்துக்கான வாய்ப்பு கைநழுவியது.

கருத்தாக அனுப்பியது ஒன்றரைப் பக்கம். 'வரைவை வரவேற்கிறோம்' என்று ஒரு வரி, மற்றதெல்லாம் வரைவின் கண்ணில் படாத பக்கத்தைப் பற்றி. கொடூரக் கொலைக்குத் தண்டனை கூடுவது சரி, ஆனால் தினமும் நடப்பது அதிக பாரமும் வெயிலும், எனவே விதி மீறலுக்கான நூறு ரூபாயையும் திருத்துங்கள். வண்டிக்காரரை மட்டும் பிடிக்காமல் அந்த எடையை ஏற்றச் சொல்லி அனுப்பும் சரக்குக்காரரையும் பொறுப்பாக்குங்கள். மூன்று மாதக் கெடுவை நீட்டுங்கள். மே மாத நோட்டிலிருந்து ஒரு பக்கமும் இணைப்பாகப் போனது. இணையத்தில் சுற்றிய ஒரே மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பும் யோசனை வந்தது, எண்ணிக்கைக்கு அது உதவும்தான், ஆனால் இவர்களிடம் வேறு யாரிடமும் இல்லாத நோட்டு இருந்தது.

கேள்வி 2023 பட்ஜெட் கூட்டத்தொடரில் எழுத்துமூலக் கேள்வியாகப் போனது. வரைவு தயாரித்துக் கருத்துக் கேட்கப்பட்டிருக்கிறது என்ற அளவில் பதில் வந்தது. எப்போது அவைக்கு வரும் என்பதற்குப் பதில் இல்லை.

அதன் பிறகு

2023 ஏப்ரல், மே. தொட்டியில் தண்ணீர் இருந்தது, பெரும்பாலும். சில கிடங்குகள் காலையில் திறந்தன, பெரிய இரும்புக் கடைகள் திறக்கவில்லை. நண்பகலில் வண்டிகள் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் அதில் எவ்வளவு தீர்மானத்தால், எவ்வளவு லோடு ஆட்டோக்கள் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டதால் என்று பிரிக்க முடியாது. இரண்டு வண்டிக்காரர்கள் மாட்டை விற்றுவிட்டார்கள். ஒருவர் ஆட்டோவுக்குக் கடன் வாங்கினார், இன்னொருவர் கட்டட வேலைக்குப் போகிறார். இது குழு எதிர்பார்த்த விளைவு இல்லை, ஆனால் அதையும் பதிவில் வைக்கத்தான் வேண்டும்.

ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டச் சங்கத்தின் கூட்டம் ஒரு முறை நடந்தது, ஆசிரியை அழைக்கப்பட்டார். கால்நடை உதவி மருத்துவர் மார்க்கெட்டுக்கு மாதம் ஒரு தடவை வருவது அங்கே முடிவானதுதான், அது நடந்தும் வந்தது. சொல்லப்போனால் மாடுகளுக்கு நேரடியாக அதிகம் பயன்பட்டது அதுதான், அதற்கு ஒரு சட்டமும் தேவைப்படவில்லை. அபராதம் அதே ஐம்பது ரூபாய். திருத்த வரைவு அந்தக் கோடை முடியும்வரை மசோதாவாக அவைக்கு வரவில்லை.

மறுபடி செய்தால்

குழு உட்கார்ந்து பேசியபோது ஒத்துப்போன விஷயங்கள் சில. வீடியோவை அப்படிப் போட்டிருக்கக் கூடாது, ஊர் கவனித்தது உண்மை, ஆனால் வண்டிக்காரர்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெற ஒரு கோடையின் பாதி போய்விட்டது. வியாபாரிகளையும் வண்டிக்காரர்களோடு சேர்த்தே முதலில் பார்த்திருக்க வேண்டும். கூலி எடைக்கா நடைக்கா என்ற பேச்சைத் தொடவே இல்லை, பாரம் கூடுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது, அதை எந்த நகராட்சித் தீர்மானமும் மாற்றாது. கூட்டத்தொடர் தேதிகளைச் சுவரில் ஒட்டி வைத்து எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு மாதம் முன்பே கேள்வியை எழுதிக் கொடுத்திருக்கலாம். சட்டமன்றத்தில் கால்நடைத் துறை மானியக் கோரிக்கை (அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்துக்கு வரும் நாளுக்கு முன்பு எம்.எல்.ஏ.வைப் பார்த்திருந்தால், ஆட்சியருக்கான கடிதத்தோடு நிற்காமல் அவையிலேயே ஒரு வார்த்தை பேசவைத்திருக்கலாம் என்கிறார் வழக்கறிஞர். அதில் எனக்குச் சந்தேகம் உண்டு, அந்த விவாதத்தில் ஒரு உறுப்பினருக்குக் கிடைக்கும் நிமிடங்களில் தொகுதிக்கு மருத்துவமனை கேட்பாரா, மாட்டுக்குத் தொட்டி கேட்பாரா?

ஒத்துப்போகாத விஷயமும் ஒன்று உண்டு. விலகிப்போன மாணவர் இப்போதும் சொல்கிறார், தடையைக் கேட்டுவிட்டு நேர ஒழுங்குக்கு இறங்கி வந்திருந்தால் 'திறக்க வேண்டும்' என்ற சொல்லாவது தப்பித்திருக்கும் என்று. ஆசிரியை அதை ஏற்கவில்லை. தடை என்று தொடங்கியிருந்தால் மூத்த வண்டிக்காரர் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குக் கூட வந்திருக்கவே மாட்டார் என்பது அவர் பதில். அடுத்த மன்றக் கூட்டத்தில் 'திறக்கலாம்' என்பதை 'திறக்க வேண்டும்' என்று மாற்றக் கேட்கும் மனு எழுதியாகிவிட்டது, அதில் அந்த மாணவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.